பதினேழால் வகுபட்ட லொறி

பெரிய எண் எதைக் கண்டாலும் அது எதனால் வகுபடும் என்று பார்ப்பது என் வியாதி. கணக்கு வாத்தியாருக்குச் சுருட்டைவிட இது மலிவான பழக்கம் என்று மனைவியிடம் பெருமையடிப்பேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், புத்தூரில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து எங்களை இறக்கி வரிசையாக நிறுத்தினார்கள். எதிரே நின்ற அவர்களுடைய லொறியில் வெள்ளைப் பெயின்றில் 510510 என்று எழுதியிருந்தது. நான் விரல் மடித்து முணுமுணுக்கத் தொடங்கினேன். இரண்டால் போகும். மூன்றால், ஐந்தால், ஏழால், பதினொன்றால், பதின்மூன்றாலும் போகும்!

"இஞ்சாருங்கோ, வாயை மூடுங்கோ. அந்த ஆமிக்காரன் உங்களைத்தான் பாக்கிறான்," என்றாள் பக்கத்தில் நின்ற மனைவி.

"கொஞ்சம் பொறும். பதினேழு மட்டுந்தான் மிச்சம்."

அவனுடைய துவக்கின் குழல் என் நெஞ்சில் முட்டியது. லொறி நம்பரை யாருக்காகப் பாடமாக்குகிறாய் என்று கேட்டபடி அதிகாரி வந்தார்.

"ஐயா, பதினேழாலும் போனால் இது முதல் ஏழு பகா எண்களின்ரை பெருக்கம்," என்றேன். சொல்லும்போது எனக்கே அது பொய்யாகப் பட்டது.

அவர் சிகரெட் பெட்டியின் பின்புறத்தில் பதினேழால் வகுத்தார். பிள்ளைகளின் விடைகளைத் திருத்தியே பழகிய எனக்கு, ஒரு விடைக்காக வியர்த்தது அன்றுதான். மீதி பூச்சியம்.

"போங்க," என்றார் தடுமாறிய தமிழில். "நீங்க நம்பர் மறக்க மாட்டீங்க. நானும் உங்க முகம் மறக்க மாட்டேன்."

இப்போது லொறி வந்தால் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். தலைக்குள் எண்கள் வகுபட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. என் உதடு அசைகிறதா என்று மனைவி பார்த்துக்கொள்கிறாள்.