குல்பாஷ் அக்கா வைத்துக்கொண்ட லூப்

கஸகஸ்தானின் அல்மாட்டி நகரத்தில், மேலே மின்கம்பியைத் தொட்டபடி ஓடும் டிராலிபஸ்ஸை ஓட்டிய பெண்களில் குல்பாஷ் அக்காவுக்குத்தான் வாய் அதிகம். அவள் வண்டியில் நான் கண்டக்டர். புருஷன் இறந்தபின் மகள் அக்மராலை ஒண்டியாக வளர்த்தவள் அக்கா. நாற்பத்தைந்தைத் தாண்டியதும் அவளுக்கு மாதவிலக்கு தாறுமாறானது. சில மாதம் வராது, வந்தால் நிற்காது.

"வயசாகுதுல்ல, கடைசியா கொட்டித் தீர்த்துட்டுப் போகுது" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினாள்.

ஒரு மார்ச் மாதக் காலை. பனி உருகிச் சேறாகக் கிடந்த மேட்டுச் சாலையில் வண்டியை ஓரம் கட்டினாள். மேலே கம்பி கழன்றுவிட்டதோ என்று நான் இறங்கப் போனேன்.

"கம்பி இல்லடி. எந்திரிக்க முடியல. சீட்டப் பாரு."

சீட்டு முழுக்க ரத்தம். ஆண்களைப் பின்கதவு வழியாக இறக்கிவிட்டேன். சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பெண்கள் சால்வையை விரித்து மறைத்துக்கொள்ள, அவளைக் கைத்தாங்கலாகக் கீழே கொண்டுவந்தோம். "இறங்குனவங்கள அடுத்த வண்டில ஏத்தி விடு" என்று சொல்லிவிட்டுத்தான் மயங்கினாள்.

ஆஸ்பத்திரியில் கருப்பையைச் சுரண்டி ரத்தத்தை நிறுத்தினார்கள். சுரண்டியதைச் சோதித்ததில் புற்றுநோய் இல்லை. ஆனால் கருப்பையின் உள்படலம் அளவுக்கு மீறித் தடித்திருந்தது. இப்படியே விட்டால் ஒருநாள் புற்றுநோயில் போய் முடியலாம் என்றார் டாக்டர் ராய்ஸா தெமிரோவ்னா.

"நான் என்னத்தத் தின்னேன்னு இப்படி ஆச்சு?" என்றாள் அக்கா.

"தின்னதுல ஒண்ணுமில்ல. சூலகத்துலேர்ந்து வர்ற ஈஸ்ட்ரோஜன் இந்தப் படலத்த வளர்க்கும். கருமுட்டை வெளிய வந்த மாசத்துல, பின்னாடியே புரோஜெஸ்டிரோன் வரும். அது வந்தாத்தான் படலத்துல ஒரு என்சைம் நல்லா வேலை செய்யும். வீரியமான ஈஸ்ட்ரோஜனப் பிடிச்சு வீரியம் கம்மியானதா மாத்திடும், வளர்ச்சியும் அடங்கும். உங்களுக்கு இப்ப முட்டை சரியா வர்றதில்ல. புரோஜெஸ்டிரோனும் இல்ல, அந்த என்சைமும் எழும்பல. அதான் படலம் வளர்ந்துக்கிட்டே இருக்கு."

"அப்ப என் ரத்தத்துல ஈஸ்ட்ரோஜன் கூடிப்போச்சா?"

"கூடணும்னு அவசியமில்லம்மா. வந்தத அடக்க உள்ள ஆளில்ல, அவ்வளவுதான்."

அந்தப் புரோஜெஸ்டிரோனுக்குப் பதிலாக மாத்திரை கொடுத்தனுப்பினார். டெப்போ பெண்கள் சும்மா இருப்பார்களா? ஹார்மோன் தின்றால் மீசை முளைக்கும், உடம்பு ஊதும் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ரத்தம் நின்றதும் அக்கா மாத்திரையை விட்டுவிட்டாள். இலையுதிர் காலத்தில் திரும்பவும் கொட்டியது, திரும்பவும் சுரண்டினார்கள். படலம் பழையபடியே தடித்திருந்தது.

"உங்களுக்கு மாத்திரை சரிப்படாது. கருத்தடைக்கு உள்ள வைப்பாங்களே, அந்த மாதிரி லூப் வச்சிடலாம். அதுலேர்ந்து புரோஜெஸ்டிரோன் மாதிரி மருந்து கொஞ்சங்கொஞ்சமா அந்தப் படலத்துலயே கசியும்" என்றார் டாக்டர்.

அக்கா முகம் சிவந்துபோயிற்று. "புருஷன் இல்லாதவ லூப் வச்சுக்கிட்டா ஊரு என்ன பேசும்?"

"வேணாம்னா கருப்பையவே எடுத்துடலாம். எதுன்னு நீங்களே சொல்லுங்க."

லூப் என்றாள்.

ஊர் பேசத்தான் செய்தது. டெப்போவில் வண்டிகளுக்கு நேரம் போடும் துர்சுனின் மனைவி அந்த ஆஸ்பத்திரியில்தான் கூட்டிப் பெருக்கினாள். மறுவாரமே துர்சுன் எல்லோர் முன்னாலும் கேட்டான்: "என்ன குல்பாஷ், புது ஏற்பாடெல்லாம் நடக்குதாமே? ஆளு யாரு?"

"யாரா இருந்தாலும் நீ இல்ல. போய் வேலையப் பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். வண்டிக்குள் ஏறியபிறகு, கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வண்டியை எடுத்தாள்.

அக்மராலுக்கு அப்போது சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள். சம்பந்தத்தை உறுதிப்படுத்தும் வழக்கப்படி பெண்ணுக்குக் காதணி போட மாப்பிள்ளையின் அம்மா பாத்திஷ் தன் சொந்தக்காரப் பெண்களோடு வந்தார். பரிமாற நானும் போயிருந்தேன். இறைச்சி முடிந்து தேநீர் ஊற்றும்போது, வந்தவர்களில் ஒருத்தி ஆரம்பித்தாள்.

"பொண்ணோட அம்மாவும் இன்னும் இளமையாத்தான் இருக்காங்க. அதுக்குத் தோதா உள்ள ஏதோ வச்சிருக்காங்களாமே?"

அக்மரால் தலையைக் குனிந்துகொண்டாள். இந்தக் கல்யாணம் இதோடு போயிற்று என்றே நினைத்தேன். அக்கா கெட்டிலைக் கீழே வைத்தாள்.

"ஆமா, வச்சிருக்கேன். ஓட்டுற சீட்டுலயே ரத்தத்துல கிடந்தவ நான். ரெண்டு வாட்டி சுரண்டினாங்க. உள்ள சவ்வு தடிச்சுப்போச்சு, அத அடக்குற ஹார்மோன் என் உடம்புல வரல. அந்த லூப்தான் இப்ப அந்த வேலையச் செய்யுது. அது இல்லாம செத்துத்தான் மானத்தக் காப்பாத்தணும்னா, இந்த வீட்டுப் பொண்ணு உங்களுக்கு வேணாம்."

பாத்திஷ் தன் தேநீர்க் கிண்ணத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"சுரண்டினப்ப வலிச்சுதா, சம்பந்தி?"

"மயக்க ஊசி போட்டாங்க. எந்திரிச்ச பின்னாடிதான் வலி."

"எனக்குப் போடல" என்றார் பாத்திஷ். "அப்பல்லாம் போட மாட்டாங்க. நாலு பேரு பிடிச்சுக்கிட்டாங்க. எங்க வீட்டுல யாருக்கும் சொன்னதில்ல."

பிறகு பையிலிருந்து காதணியை எடுத்து, "இங்க வாம்மா" என்று அக்மராலைக் கூப்பிட்டார். பேச்சை ஆரம்பித்தவள் கடைசிவரை தேநீரைத் தொடவில்லை.

குளிர்காலத்தில் மறுபடி சோதித்தார்கள். படலம் மெலிந்திருந்தது, கெட்டது எதுவும் இல்லை. லூப் இருக்கட்டும், அவ்வப்போது வந்து காட்டவேண்டும் என்றார் டாக்டர். விலக்கு முதலில் சொட்டாகக் குறைந்து, அப்புறம் நின்றேபோயிற்று. கோடையில் கல்யாணம் நடந்தது. அக்கா அதே தடத்தில்தான் ஓட்டினாள். சோதனை நாளில் மட்டும் லீவு போட்டு, ஆஸ்பத்திரி வரிசை நகரவில்லை என்று எல்லோரையும் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.