அடித் தண்ணீரின் சூடு

நவம்பர் 14, வியாழக்கிழமை, காலை ஆறு மணி இருபது நிமிடம். இரண்டு நாள் பெய்த மழை விட்டிருந்தது. வானம் மூட்டம், காற்று அறவே இல்லை. கோட்டைக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு எட்டு வைத்தால் பழவேற்காடு ஏரி. அன்று சேற்றினால் இருநூற்று முப்பது ஆயிற்று.

இடுப்பளவுத் தண்ணீரில், தரையோடு தரையாக ஒரு வலைக்கூண்டு கிடந்தது. உள்ளே பதினேழு நண்டுகள். எட்டு நாளாக என் மனைவி ஏரியில் உட்கார்ந்து, கையால் துழாவிப் பிடித்தவை. வயிற்றில் அறுவை முடிந்து பொன்னேரி ஆஸ்பத்திரியில் இருந்த அவள் தங்கை, ஒன்பது நாளாக எதைக் கொடுத்தாலும் ஒதுக்கினாள். "அக்கா கையால புடிச்ச நண்டுன்னா ரெண்டு வாய் துன்னுவேன்" என்று மட்டும் சொன்னாளாம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருகிறாள். அதுவரை நண்டுகள் உயிரோடு இருக்க வேண்டும். செத்த நண்டை இங்கே யாரும் சட்டியில் போடமாட்டார்கள்.

மனைவி விடியற்காலைப் பேருந்தில் தங்கையைப் பார்க்கப் போய்விட்டாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெப்பமானியை நூலில் கட்டி இறக்கினேன். மேலே இருபத்தாறு டிகிரி. கூண்டுக்குப் பக்கத்தில் இருபத்தொன்பதரை. மூன்று முறை பார்த்தேன், அதேதான். முப்பத்தொரு வருடம் பள்ளியில் பாடம் நடத்தியவன் நான்: சூடான நீர் மேலே வரும், குளிர்ந்த நீர் கீழே போகும். இங்கே தலைகீழாக இருக்கிறதென்றால் சேறு அழுகிச் சூடேறுகிறது, நண்டுகள் மூச்சு முட்டிச் சாகப்போகின்றன என்று முடிவு கட்டினேன். கூண்டைத் தூக்கி, நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே தொங்கும்படி கழியில் கட்டினேன். நல்ல காரியம் செய்த திருப்தியோடு இட்லி சாப்பிட்டேன். நான்கு.

மாலை நாலு பத்துக்கு அவள் திரும்பினாள். விஷயத்தைச் சொன்னதும் பையைக்கூட உள்ளே வைக்காமல் ஏரிக்கு ஓடினாள். கூண்டில் பதினொரு நண்டுகள் செத்து, கால்களைத் தொங்கவிட்டுக் கிடந்தன.

"யோவ் வாத்தியாரே, இன்னாய்யா பண்ணிவெச்சே!"

"அடியில் சூடாக இருந்தது..."

"எறங்குய்யா. இப்ப சொல்லு, இடுப்புக்கு எப்பிடி இருக்குது?"

"சில்லென்று."

"காலுக்கு?"

"கதகதப்பாக."

"மேல நிக்கிறது மழைத் தண்ணி, ஆத்துத் தண்ணி. கால்ல படுறதுதான் ஏரியோட உப்புத் தண்ணி. நண்டு அதுலதான் பொழைக்கும். அதைத் தூக்கி நல்ல தண்ணியில தொங்கவுட்டுக்கீறே."

"சூடான தண்ணீர் மேலேதானே வரணும்?"

"உப்பு வுட்டாத்தானே வரும்? கனம் புடிச்சி இழுக்குது. முப்பத்தொரு வருசம் இதைச் சொல்லிக் குடுக்காம வேற இன்னாத்தச் சொல்லிக் குடுத்தே?"

பேசிக்கொண்டே உயிரோடு இருந்த ஆறையும் கூண்டோடு தரைக்கு இறக்கினாள். கோபத்திலும் நண்டுக்கு வலிக்காமல்தான் இறக்கினாள். நான் வீட்டுக்குப் போய், தண்ணீரின் கனத்தை அளக்கும் திரவமானியை எடுத்து வந்தேன். மேல் தண்ணீரின் அடர்த்தி 1.003. அடியில், விரலால் வாயை அடைத்து இறக்கிய புட்டியில் 1.017. அவள் காலுக்கு இது தெரிந்திருக்கிறது. சொன்னேன். "என் காலுக்கும் ஒரு சர்ட்டிபிகேட் எழுதிக் குடு" என்றாள். அதற்குள் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

வெள்ளியும் சனியும் ஒன்பது முறை அளந்தேன். காற்று கிளம்பி இரண்டு தண்ணீரையும் கலக்கிவிடுமோ என்று தென்னை ஓலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடியில் 1.016க்குக் கீழே இறங்கவில்லை. ஆறும் பிழைத்தன.

ஞாயிறு மத்தியானம் அடுப்பில் இரண்டு சட்டிகள். தங்கைக்குச் சிறியது. அவளோடு வந்த மற்ற நால்வருக்குப் பெரியது, நான் பழவேற்காடு மார்க்கெட்டில் வாங்கிவந்த பதினொன்று.

"அது இன்னாக்கா, பெரிய சட்டி தனியா?"

"அது உங்க மாமா புடிச்சது. நீ துன்னாத, படிச்ச நண்டு."

தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், தையல் இழுக்கிறது என்று திட்டினாள். பிறகு இரண்டு வாய் அல்ல, மூன்று நண்டை ஓடு ஓடாக உறிஞ்சித் தின்றாள். மீதி மூன்றை ராத்திரிக்கு எடுத்து வைக்கச் சொன்னாள்.

பெரிய சட்டிக்கு நண்டு, ஆட்டோ எல்லாம் சேர்த்து ஆயிரத்து நானூற்று முப்பத்தைந்து ரூபாய்.