என் தோளில் ஒட்டிய நட்சத்திரம்

வெள்ளிக்கிழமைதோறும் அம்மா காமாட்சியின் சந்நிதியில் கூடும் உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். எனக்குக் கோர்வையாகப் பேச வராது. அதனால்தான் எழுதிக் கொடுக்கிறேன். எழுதும்போதும் கை கூசுகிறது. ஆனாலும் அவள் செய்ததைச் சொல்லாமல் வைத்திருப்பது சரியில்லை.

போன ஆவணி மாதம் என் மகள் கோமதிக்கு நிச்சயதார்த்தம். அதற்கு ஒரு வாரம் முன்னால் என் மைத்துனன் ஏழுமலை வீட்டுக்கு வந்து செல்போனை என் முன்னால் நீட்டினான். மண்டப வாசலில் வைக்கப்போகும் பேனரின் படம் அதில் இருந்தது. நடுவில் மாப்பிள்ளையும் பெண்ணும். ஓரத்தில் ராணுவ உடையில் நான். என்னுடைய பழைய போட்டோதான். ஆனால் சட்டைக் கையில் இருந்த இரண்டு பட்டைகளைக் காணவில்லை. அதற்குப் பதில் தோளில் இரண்டு நட்சத்திரங்கள் மின்னின. பெயருக்கு முன்னால் பெரிய எழுத்தில் ‘சுபேதார்’ என்று போட்டிருந்தது.

நான் சுபேதார் இல்லை. நாயக். நாயக்குக்கு மேலே ஹவல்தார், அதற்கு மேலே நாயப் சுபேதார், அதற்கும் மேலேதான் சுபேதார். சர்வீஸ் முழுக்க நான் ஏறாத மூன்று படிகளைக் கம்ப்யூட்டரில் ஒரு நிமிஷத்தில் ஏற்றிவிட்டிருந்தார்கள்.

“இ... இது இன்னாடா?” என்றேன்.

“மாப்ள அப்பா போன்ல கேட்டாரு மாமா, உங்க மாமா இன்னா ரேங்க்ல வந்தாருன்னு. அவரு சுபேதார் மேஜர், சுபேதாருக்கே மேல. அவராண்ட போயி நாயக்குன்னு எப்டி சொல்றது? வாய்ல சுபேதார்னு வந்துடுச்சி. நீ கம்முனு இரு. யாரு வந்து சர்டிபிகேட் கேக்கப் போறாங்க?”

அடுப்படியிலிருந்து என் மனைவி மல்லிகா எட்டிப் பார்த்தாள். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது என்று முகமே சொன்னது. “பொண்ணு வாழ்க்கைங்க. நீங்க ஒண்ணும் பேச வாணாம். சும்மா ஒக்காந்துக்கினு இருந்தாலே போதும்” என்றாள்.

பேச வேண்டாம். சின்ன வயதிலிருந்து எல்லோரும் எனக்குச் சொன்னது அதைத்தான். எனக்குத் திக்குவாய்.

எங்கள் சொந்த ஊரான தாமலில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. அதை நம்பி அண்ணன் தம்பி மூன்று பேர் பிழைக்க முடியாது என்று நான் ராணுவத்துக்குப் போனேன். ஓட்டம், சுடுவது, மலை ஏறுவது எதிலும் நான் குறை வைத்ததில்லை. வாய்தான் கவிழ்த்துவிட்டது. அதிலும் ‘ச’வில் தொடங்கும் சொல் என்றால் தொண்டையிலேயே முள் மாதிரி நின்றுவிடும். ஹவல்தார் ஆக வேண்டுமென்றால் ஒரு பயிற்சியில் தேற வேண்டும். வரிசையில் நிற்கும் ஆட்களுக்குக் குரல் உயர்த்திக் கட்டளை இட வேண்டும். முதல் தடவை அசையாமல் நிற்கச் சொல்லும் ‘சாவ்தான்’ வாயில் வரவில்லை. அடுத்த தடவை அணியை நடக்க வைத்துவிட்டேன், ‘தம்’ என்று சொல்லி நிறுத்த வாய் வரவில்லை. கட்டளை வராமல் சிப்பாய் நிற்கக் கூடாது. அவர்கள் மைதானத்தைத் தாண்டி, கல்லும் முள்ளுமாக இருந்த இடத்தையும் தாண்டி, கம்பி வேலிவரை போய் அங்கேயே காலை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டு நின்றார்கள். முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு பரீட்சை வைக்க வந்த அதிகாரியே சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு நான் அந்தப் பயிற்சிக்குப் பெயர் கொடுக்கவில்லை.

துப்பாக்கியைக் கழற்றி மாட்ட நான் சொல்லிக்கொடுத்த பையன்கள் எனக்கு மேலே போனார்கள். நான் அவர்களுக்கு சல்யூட் வைத்தேன். அதில் வருத்தமில்லை, அது முறை. நாயக்காகவே வெளியே வந்து, காஞ்சிபுரத்தில் ஒரு துணிக்கடை வாசலில் காவலாளி ஆனேன். யாராவது “மிலிட்டிரியில இன்னாவா இருந்தீங்க?” என்று கேட்டால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவேன். சுபேதார் என்ற பதவி எனக்குக் கிடைக்கவில்லை என்பது மட்டும் இல்லை, அந்தச் சொல்லே என் வாயில் வராது.

படத்தைப் பார்த்த மறுநாள் வாலாஜாபாத்துக்கு பஸ் ஏறினேன். மாப்பிள்ளையின் அப்பா கன்னியப்பன் ஐயாவிடம் நேரிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். பெண் பார்க்க வந்தபோது அவர் ஊரில் இல்லை. அதனால் அன்றுதான் முதல் தடவை அவரைப் பார்க்கிறேன். அவர் கேட்டைத் திறந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“வாங்க வாங்க, சுபேதார் சாப்! நம்மள மாதிரி ஆளு சம்பந்தியா வர்றதுக்குக் குடுத்து வச்சிருக்கணும்.”

கூடத்தில் அவருடைய பதக்கங்களைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருந்தார்கள். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். எழுந்து நின்றேன்.

“ஐயா, ஒரு விஷயம். நா... நான் சு... சு... சு...”

அவர் என் தோளைத் தட்டினார். “சுபேதார்தானே? தெரியும் சார், ஏழுமலை எல்லாம் சொல்லிட்டாரு. கூச்சப்படாதீங்க. ஒக்காருங்க, காபி ஆறிடப் போவுது.”

என் பொய்யை என் வாயே உறுதி செய்துவிட்டது. நான் உட்கார்ந்தேன். காபியைக் குடித்தேன். விடைபெற்று வந்தேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, “யாரு தவறிட்டாங்கப்பா?” என்று கேட்டார்.

வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. நேரே கோயிலுக்குப் போனேன். ஊமைக்கும் வாக்குக் கொடுத்தவள் காமாட்சி என்று நம் ஊரில் சொல்லாதவர்கள் இல்லை. அத்தனை வருஷமாக அவள் கோயில் பக்கத்தில் இருந்தும் அதை எனக்காகக் கேட்க எனக்குத் துணிச்சல் வந்ததில்லை. அன்று கூட்டம் அதிகம். ஒரு தூணோரமாக நின்று மனதுக்குள் சொன்னேன். மனதுக்குள் பேசும்போது எனக்குத் திக்காது.

“அம்மா, பதவி கேக்கல. இந்தத் திக்குவாய் போகணும்னும் கேக்கல. இந்தக் கல்யாணம் நடக்கணும்னு கேக்கக்கூட எனக்கு வெக்கமா இருக்குது. ஒரே ஒரு வாக்கியம் குடு. நடுவுல அறுந்துபோவாத ஒரு வாக்கியம். அதுக்கப்புறம் நீ இன்னா வேணும்னாலும் செய்.”

அதன் பிறகு தினமும் காலையில் கடைக்குப் போகும் முன் அதே இடத்தில் நின்று அதையே கேட்டேன். ஒரு பதிலும் இல்லை. கனவு இல்லை, சகுனம் இல்லை. மனமும் லேசாகவில்லை. ஏழுமலையிடம் மட்டும் பேனர் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். “அட்வான்ஸ் குடுத்தாச்சி மாமா” என்று போய்விட்டான். கோமதியின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. சொந்த அப்பனின் பதவியை மாற்றிப் போட்டால்தான் கல்யாணம் நடக்கும் என்று அவளும் நினைத்திருப்பாளோ என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. அதை அவளிடம் கேட்கவும் பயம்.

நிச்சயதார்த்தம் ஓரிக்கையில் ஒரு சின்ன மண்டபத்தில். காலையில் நாங்கள் போய் இறங்கும்போதே பேனர் நின்றுகொண்டிருந்தது. போனில் பார்த்ததைவிடப் பத்து மடங்கு பெரிது. எங்கள் தாமல் ஜனம் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. என்னோடு ஒரே வருஷம் ராணுவத்தில் சேர்ந்த ஒருவரும் வந்திருந்தார். நான் யார் என்று நன்றாகத் தெரிந்தவர். அவர் பேனரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் கேட்டிருக்கலாம். திட்டியிருக்கலாம். அந்த மௌனத்தில் என் உடம்பு பாதியாகக் குறுகிவிட்டது.

தட்டு மாற்றுவதற்கு முன் ஐயர் லக்னப் பத்திரிகை வாசிக்கத் தொடங்கினார். இரண்டு பக்கத்துப் பெரியவர்களின் பெயரையும் சொல்லிக்கொண்டே வந்து, “சுபேதார் வேலாயுதம் அவர்களின் குமாரத்தி” என்றார். எதிரில் கன்னியப்பன் ஐயா பெருமையோடு தலையசைத்தார். என்னை யாரோ கையைப் பிடித்துத் தூக்கியது போல இருந்தது. எழுந்து நின்றேன்.

“ஐயா, நான் சுபேதார் இல்ல, நாயக்காவேதான் வெளிய வந்தேன்.”

அவ்வளவுதான். ஒரே மூச்சில் வந்தது. ‘ச’ எங்கேயும் நிற்கவில்லை. எனக்கே அது வேறு யாரோ பேசிய குரலாகக் கேட்டது. கடைசி வரிசைவரை கேட்டிருக்கும். என் வாழ்நாளில் அத்தனை பேர் நடுவில் நான் முழுதாகச் சொன்ன முதல் வாக்கியம் அது.

ஏழுமலை பாய்ந்து வந்து என் கையை இழுத்தான். “மாமா, ஒக்காரு மாமா.” மல்லிகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கன்னியப்பன் ஐயா எழுந்துவிட்டார்.

“அன்னிக்கி ஊட்டுக்கு வந்தீங்களே, அப்போ இன்னா பண்ணீங்க?”

“ச... ச... சொல்லத்தான் வ... வந்தேன்.” கேட்டது ஒரு வாக்கியம்தானே, அது தீர்ந்துவிட்டது.

அவர் விறுவிறுவென்று வெளியே போனார். கல்யாணம் முறிந்தது என்றே நினைத்தேன். என் மகளுடைய வாழ்க்கையை நானே உடைத்துவிட்டேன். அப்போது மணையில் இருந்த கோமதி எழுந்து, பட்டுப்புடவையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்தாள். மாப்பிள்ளை பிரகாஷும் எழுந்து ஓடினார். நாங்களும் போனோம்.

கன்னியப்பன் ஐயா பேனருக்கு முன்னால் நின்று என் தோளில் இருந்த நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது ரெண்டும் என் தோள்ல ஏற நான் பட்ட பாடு எனக்குத்தாம்மா தெரியும். அத கம்ப்யூட்டர்ல ஒட்டிக்கினு வந்துட்டீங்க.”

“தப்பு என்னுதுங்க” என்றான் ஏழுமலை. அவன் குரல் உடைந்திருந்தது. “அக்கா பொண்ணுக்கு நல்ல எடம்னு ஆசப்பட்டு வாய விட்டுட்டேன். மாமா வாணாம்னுதான் சொன்னாரு.”

கோமதி நிமிர்ந்து பேசினாள். “அங்கிள், எங்கப்பா நாயக்குன்னு நான் மொத தடவ பேசறப்பவே இவராண்ட சொல்லிட்டேன். இந்த பேனர இன்னிக்கித்தான் பாக்கறேன். எனக்கு அசிங்கமா இருக்குது. எங்கப்பாவால இல்ல, இந்த நட்சத்திரத்தால.”

பிரகாஷ் தலையைக் குனிந்துகொண்டு, “ஆமாம்பா, சொன்னாங்க. உங்ககிட்ட சொல்ல எனக்குத்தான் பயம்” என்றார். “அவங்க அப்பாவுக்குப் பேசறப்போ திக்கும், யாரும் நடுவுல பூந்து முடிச்சி வைக்கக் கூடாது, அவரே சொல்லி முடிக்கட்டும்னு எனக்கு கண்டிஷனே போட்டாங்க.”

கன்னியப்பன் ஐயா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் முகத்தில் வேறு ஏதோ வந்தது. “அன்னிக்கி நான்தான் முடிச்சி வச்சிட்டேன்” என்று மெல்லச் சொன்னார். பிறகு ஏழுமலையிடம், “கழட்டுப்பா அத” என்றார்.

ஏழுமலையே நாற்காலி போட்டு ஏறிக் கயிற்றை அறுத்தான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐயர் மறுபடி ஆரம்பத்திலிருந்து வாசித்தார். இந்தத் தடவை, “நாயக் வேலாயுதம் அவர்களின் குமாரத்தி” என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை. கண்ணீர் மட்டும் சட்டையில் விழுந்துகொண்டிருந்தது.

பந்தியில் கன்னியப்பன் ஐயா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சாம்பார் ஊற்றினார்கள். அப்புறம், “பனி மலையில டூட்டி பாத்தீங்களா? எந்தப் பக்கம்?” என்றார். நான் பதிலைத் தொடங்கினேன். திக்கியது. அவர் சாப்பிடும் கையை நிறுத்திவிட்டு, என்னைப் பார்த்துக்கொண்டு, நான் முடிக்கும்வரை இருந்தார். எத்தனையோ பேருக்கு அது சின்ன விஷயம். எனக்கு என்னவோ பதவி கொடுத்தது போல இருந்தது.

தை மாதம் கல்யாணம் நடந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று பூசி மெழுக மாட்டேன். சம்பந்தி இன்னும் ஏழுமலையோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தாமலுக்குப் போனால் ‘பேனர் சுபேதார் வர்றாரு’ என்று சிலர் சிரிக்கிறார்கள். அதைக் கேட்கும்போது காது சுடுகிறது. திக்குவாயும் போகவில்லை. ஆனால் கடை வாசலில் யாராவது மிலிட்டிரியில் என்னவாக இருந்தீர்கள் என்று கேட்டால் இப்போது நகர்ந்து போவதில்லை. நாயக் என்று சொல்கிறேன்.

நான் அம்மாவிடம் கேட்டது ஒரு வாக்கியம். அவளோ நான் கேட்பதற்கு வெகு நாள் முன்பே என் மகள் வாயில் ‘எங்கப்பா நாயக்’ என்று எனக்கான வாக்கியத்தை வைத்திருக்கிறாள். என்னைப் பற்றி என் பிள்ளை வெட்கப்படுகிறாள் என்று எண்ணியிருந்தேனே, அதை நினைத்துத்தான் இப்போது அதிகம் வெட்கப்படுகிறேன்.

உங்களில் யாருக்காவது சொல்ல முடியாத ஒன்று தொண்டையில் நிற்குமானால், போய் அவள் எதிரில் நில்லுங்கள். பெரிதாகக் கேட்க வேண்டாம், அழகாகவும் கேட்க வேண்டாம். எவ்வளவு திக்கினாலும், நீங்கள் சொல்லி முடிக்கும்வரை அவள் காத்திருப்பாள்.