முறுக்கில் பாதி

எங்கள் பஸ் கம்பெனி ஆபீஸில் மேனேஜர் பதவி காலியானபோது, போட்டி எனக்கும் சுந்தரத்துக்கும்தான். மாலை ஐந்தரை ஆனால் அவன் வீட்டுக்குக் கிளம்பிவிடுவான். அப்படியும் முதலாளிக்கு அவன்மேல் பிரியம் அதிகம். அந்த வயிற்றெரிச்சலில், அவன் கிளம்பும் நேரத்தை நாள்தோறும் என் டைரியில் குறித்து வந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரு வீட்டாரும் புதுக்கோட்டையில் மேட்னி படத்துக்குப் போனார்கள். வேலையே கதியென்று பிள்ளைகளை மறந்த ஒரு மில் மேனேஜரின் கதை. நான் ஆபீஸிலிருந்து இடைவேளைக்குத்தான் போய்ச் சேர்ந்து, ஆண்கள் பக்கத்தில் சுந்தரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து என் ஆறு வயது மகள் ஓடிவந்து அவனிடம் ஒரு முறுக்கை நீட்டினாள்.

"அப்பாவுக்கு இல்லையா ஆத்தா?" என்றான் அவன்.

"அவுக எங்க வரப் போறாக மாமா? ஆபீஸ்லதான் இருப்பாக."

"பின்னாடி திரும்பிப் பாரு."

பார்த்தாள். சற்று யோசித்தாள். "மாமா, ஒங்களுதுல பாதி அப்பாவுக்குக் குடுங்க" என்றாள்.

அவன் உடைத்து, பெரிய பாதியை எனக்குத் தந்தான்.

அந்த டைரியைக் காட்டித்தான் பிறகு நான் மேனேஜரானேன். ஆனாலும் சுந்தரத்தின்மேல் எனக்குள்ள பொறாமை தீரவில்லை. இன்றும் ஐந்தரைக்கு அவன் எழுந்திருக்கும்போது கடிகாரத்தைப் பார்க்கிறேன். டைரியில் மட்டும் குறிப்பதில்லை.