மாவுப்பேய்க்கு வைத்த பழம்

மாமா, உங்கள் சேகோ பேக்டரியில் பேய் இருந்ததில்லை. நீங்கள் ஆட்களைப் பூட்டி வைத்திருந்தீர்கள். எங்களிடம் பேய் என்று பொய் சொன்னீர்கள்.

இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. வெட்கமாகத்தான் இருக்கிறது. நடந்தது உங்களுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. அதனால் ஊருக்குச் சொல்கிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அரைப்பரீட்சை லீவுக்கு அம்மா என்னைத் தன் அண்ணன் வீட்டில் கொண்டுவந்து விட்டாள். ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி மாமாவின் பேக்டரி. அதை ஒட்டியே வீடு. குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியை அரைத்துப் பால் எடுத்து, பெரிய தொட்டிகளில் தெளியவிட்டு, அடியில் தங்கும் மாவை ஜவ்வரிசி ஆக்குவார்கள். காயப்போடும் சிமெண்டுக் களம் எங்கள் பள்ளிக்கூட மைதானம் அளவு இருக்கும். வெயில் ஏறினால் அங்கே கண்ணைத் திறக்க முடியாது. தரை வெள்ளை, சுவர் வெள்ளை, வேலை செய்கிறவர்களின் புருவம்கூட வெள்ளை.

போன முதல் நாளே மாமா என்னை மடியில் உட்காரவைத்துக்கொண்டார்.

“உச்சி வெயில்ல களத்துப் பக்கம் போயிராத சாமி. பால் தொட்டில உழுந்து செத்தவ ஒருத்தி அங்க திரியறா. மேலெல்லாம் மாவா இருப்பா. பின்னாடி குடோன்லதான் குடியிருக்கறா.”

“நீங்க பாத்திருக்கீங்களா மாமா?”

“பாக்காமயா பூட்டு போட்டு வெச்சிருக்கறேன்?”

மாமா நல்லவர் என்று ஊரே சொல்லும். கோயிலில் அன்னதானம் என்றால் முதல் மூட்டை அரிசி அவருடையது. அவர் பெயர் அங்கே கல்லில் இருக்கிறது. அத்தை கொடுத்தது எதுவும் கல்லில் ஏறவில்லை. பூஜை அலமாரியில், மாரியம்மன் படத்துக்குப் பின்னால், ஒரு மஞ்சள் துணி முடிச்சு வைத்திருந்தாள். நேர்ந்துகொண்டு துணியில் முடிந்த காசு சாமியுடையது. வீட்டில் என்ன கஷ்டம் வந்தாலும் அதில் யாரும் கை வைக்க மாட்டார்கள், எவ்வளவு என்றும் கேட்க மாட்டார்கள். பால்காரனுக்குக் கொடுத்த சில்லறைக்குக்கூட அத்தையைக் கேள்வி கேட்கும் மாமா, அந்த முடிச்சைப் பார்த்தால் கும்பிடுவார். லோடு நல்ல விலைக்குப் போன நாளில் நூறு ரூபாய்த் தாளைக் கண்ணில் ஒற்றி, “இதையுஞ் சேத்தி முடிஞ்சிரு” என்று நீட்டுவார். அத்தை வாங்கி முடிவாள்.

மதியம் மெஷின் நிற்கும். ஊர் ஆட்கள் சோற்றுத் தூக்குப்போசியோடு வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார்கள். களத்தில் காக்காய்கூட இறங்காது. மூன்றாம் நாள் நான் போனேன். பேயைப் பார்த்தே ஆக வேண்டும் என்று இருந்தது.

பரப்பியிருந்த ஜவ்வரிசியில் பாதத் தடம் இருந்தது. என் பாதத்தை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். அது என்னுடையதைவிடச் சின்னது. தண்ணீர்க் குழாய் வரைக்கும் போய், திரும்பி, குடோன் சுவரில் வந்து நின்றுவிட்டது. சுவருக்குள் நடந்து போனது மாதிரி. சுவரின் அடியில் கழுவின தண்ணீர் வெளியேற ஓர் ஓட்டை இருந்தது. ஒரு நாய் நுழையலாம். குனிந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மூச்சு விடும் சத்தம் கேட்டது. ஒருவருடைய மூச்சு இல்லை. பல பேருடையது.

ஓடிவந்துவிட்டேன். பயந்தவர்கள் படையல் வைப்பார்கள் என்று தெரியும். மறுநாள் ஒரு பூவன் பழத்தை ஓட்டைக்கு முன்னால் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். முழங்கை வரைக்கும் வெள்ளையாக ஒரு கை வந்தது. பழம் உள்ளே போனது. தோல் வெளியே வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அடுத்த நாளும் அப்படித்தான்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. சாப்பிடும்போது சொல்லிவிட்டேன்.

“உங்க பேய் பழத்தைத் தோலோட திங்குது மாமா.”

மாமா சிரித்தார். “அட, எந்த வழியாச் சாமி வாங்குச்சு?”

சொன்னேன். அத்தையின் கரண்டி என் தட்டுக்கு மேல் அப்படியே நின்றது. ரசம் என் விரலில் சொட்டியது.

மறுநாள் ஓட்டை இல்லை. சிமெண்டு பூசியிருந்தார்கள், இன்னும் ஈரம் காயவில்லை. நடுவில் உள்ளிருந்து குடைந்த சின்னத் துளை ஒன்று. அதில் ஒரு விரல் நின்றுகொண்டிருந்தது. அசையவில்லை. நான் அதைத் தொட்டேன். சூடாக இருந்தது.

வீட்டுக்குள் ஓடி அத்தையிடம் சொன்னேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

“வெரல் எத்தன பெருசு கண்ணு?”

என் சுண்டு விரலைக் காட்டினேன். அத்தை அடுப்பை அணைத்தாள். சேலை மாற்றினாள். மஞ்சள் முடிச்சை எடுத்து இடுப்பில் செருகினாள். வாசலில் மாமா கிழங்கு லாரிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, நேர்த்திக்கடன் ஒண்ணு பாக்கி இருக்குதுங்க. புள்ளையக் கூட்டிக்கிட்டு சேலம் போயிட்டு வந்தர்றேன்.”

“நல்லா வேண்டிக்கிட்டு வா” என்றார் மாமா. முடிச்சைப் பார்த்துக் கும்பிடவும் செய்தார்.

நாங்கள் கோயிலுக்குப் போகவில்லை. சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே மாடியறை. ஒரு மேசை, சுவர் முழுக்கக் கட்டுக் கட்டாகக் காகிதம், ஒரு வக்கீல் அக்கா. அத்தை முடிச்சை மேசைமேல் வைத்தாள்.

“இந்தத் தடவ காசோட மட்டும் வரலீங்க.”

“வழக்கம்போல பேர் எழுத வேண்டாம்தானுங்களே?” என்றார் வக்கீல் அக்கா.

அத்தை முடிச்சை அவர் பக்கம் தள்ளினாள். “இன்னைக்கு எழுதிக்கங்க. எம் பேரையும், ஊட்டுக்காரர் பேரையும்.”

பிறகு நான் பார்த்ததை எல்லாம் சொல்லச் சொன்னார்கள். பழம், தோல், தடம், விரல். அந்த அக்கா என்னிடம் இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டார். பேயைப் பற்றி ஒரு பெரிய மனுஷி இவ்வளவு கவனமாக எழுதுகிறாரே என்று எனக்கு ஆச்சரியம்.

கொத்தடிமைகளை மீட்கும் அந்த அறை எப்படி நடந்தது என்று வளர்ந்த பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். வாடகை ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவருடையது. வேன், ஜவுளிக்கடை பாய் ஒருவர் டீசல் போட்டுக் கொடுத்தது. மனு அடிக்க, அதிகாரியின் வாசலில் தினமும் போய் நிற்க, மீட்டவர்களுக்கு முதல் மாதச் சோறும் துணியும் வாங்க, யார் யாரோ முடிந்து கொடுத்த காசு. சம்பளம் வாங்குகிற அதிகாரி ஒருவரை எழுந்து நடக்கவைக்க, பெயர் சொல்லாத பத்துப் பேர் கொடுக்க வேண்டியிருந்தது.

அத்தையையும் நான் விட்டுவிடப் போவதில்லை. அட்வான்ஸ் வாங்கின குடும்பத்தை மாமா வெளியே விடாமல் வேலை வாங்குகிறார் என்று அவளுக்கு முன்பே தெரியும். வாயைத் திறக்கப் பயந்து காசு கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆனால் அந்தக் காசு இல்லையென்றால், அவள் வாயைத் திறந்த நாளில் கேட்பதற்கு அங்கே ஓர் ஆள் இருந்திருக்க மாட்டார்.

நாங்கள் சேலத்திலிருந்து திரும்பிய மூன்றாம் நாள் உச்சி வெயிலில் வேன் வந்தது. அதிகாரியும் வந்தார். பூட்டை உடைத்தார்கள். ஐந்து பேர் வெளியே வந்தார்கள். ஐந்து பேரும் வெள்ளை. கண் கூசி, களத்திலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். கடைசியாக வந்த சின்னப் பெண், களத்தில் விளையாடி உடம்பெல்லாம் மாவோடு நின்ற என்னைப் பார்த்து அம்மாவின் சேலைக்குள் புகுந்துகொண்டாள்.

“அம்மா, பழம் குடுத்த பேய் இதுதான்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் அம்மா சிரிக்கவில்லை.

வக்கீல் அக்கா அந்த அம்மாவிடம் கேட்டு ஆறு பெயர் எழுதினார். ஒவ்வொன்றாக வாசித்தார். ஐந்து கை உயர்ந்தது. ஆறாவது பெயர் அந்த அம்மாவின் தங்கை. திரும்ப வாசித்தார். யாரும் கை தூக்கவில்லை.

“ஓடிப் போயிருப்பா” என்றார் மாமா. அதிகாரி அதையே எழுதிக்கொண்டார்.

அந்த அம்மா திரும்பிப் பால் தொட்டியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அசைவில்லாமல் வெள்ளையாகக் கிடந்தது. இவளுக்கும் பேய்ப் பயம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

வழக்கில் ஒன்றும் ஆகவில்லை. அத்தை பரமத்தி வேலூரில் தன் அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. இன்றும் மஞ்சள் துணியில் காசு முடிகிறாள். இப்போது நானும் முடிகிறேன். அந்த மாடியறை இன்னும் இருக்கிறது. ஆறாவது பெயருக்காகப் போன மாதம் மறுபடி மனு போட்டிருக்கிறார்கள், நாங்கள் கொடுத்த காசில். மாமா, முதல் மனுவில் உங்கள் நூறு ரூபாயும் இருந்தது. நீங்கள் செய்த தர்மத்தில் உருப்படியானது அது ஒன்றுதான்.

அடுத்த மாதம் உங்கள் செலவில் கட்டிய அன்னதான மண்டபம் திறக்கிறார்கள். மேடை, மாலை, மைக் எல்லாம் உண்டு. நான் முன்வரிசையில் இருப்பேன்.

ஒன்பது வயதில் எனக்கு ஒன்று புரியவில்லை. உங்கள் மடியில் உட்கார்ந்து கேட்ட கதையில் பொய்யை மட்டும் நம்பி, உண்மையைத் தவறவிட்டேன். திரியறா என்றது பொய். குடியிருக்கறா என்றது பொய். தொட்டியில் உழுந்து செத்தவ ஒருத்தி என்றீர்களே, அது?

அவள் பெயர் எனக்குத் தெரியும். நீங்கள் சொல்லிக் கேட்க வேண்டும். அவள் விழுந்தாளா, தள்ளினீர்களா, எங்கே புதைத்தீர்கள்? அந்த மைக்கில், ஊர் கேட்க, பதில் சொல்லுங்கள்.