காதுகுத்து வீட்டில் ஒரு கம்பளி

என் மகளுக்குக் காது குத்துவதற்குச் சில மாதங்கள் முன்னால் பக்கத்துத் தெருவில் ஒரு கல்யாணம். எட்டு வயது மகன் அங்கே ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னாலேயே நின்று சாயங்காலம் முழுக்க ஆடியிருக்கிறான். மறுநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டே, "ம்மா, காதுக்குள்ள வண்டு கத்துது" என்றான்.

தென்காசியில் காது டாக்டரிடம் காட்டினோம். இந்தத் தடவை தானாகச் சரியாகிவிடும், ஆனால் அடிக்கடி இப்படி ஆனால் காதின் உள்ளே கெட்டுப்போவது பிறகு சரியாகவே ஆகாது என்றார். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அங்கே பிள்ளைகளை நிறுத்தக் கூடாதாம். வண்டு போய்விட்டது. எனக்குள் பயம் போகவில்லை.

மகளின் காதுகுத்துக்கு நாள் குறித்ததும் தம்பி கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தான். சவுண்ட் செட்டுக்குச் சொல்லிவிட்டானாம்.

"சின்னதா ரெண்டு பெட்டி போதும்லே" என்றேன்.

"ஏக்கா, தாய்மாமன் நானு. சங்கரன்கோவில் ஊரே திரும்பிப் பாக்கணும்."

அவனோடு பேசிப் பயனில்லை என்று, பிள்ளைகளுக்கு ஹெட்போன் போல இருக்கும் காதுமூடி இரண்டு வாங்கி வைத்தேன். சத்தத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். ரோஸ் நிறம் மகளுக்குப் பிடித்துப்போனது. கழற்றவே மாட்டேன் என்றாள்.

விசேஷத்தன்று காலையில் எங்கள் வாசல் பந்தலில் பீரோ உயரத்துக்குப் பெட்டிகள் நின்றன. முதல் பாட்டுக்கே சமையலறைத் தட்டுகள் அதிர்ந்தன. மகள் பட்டுப்பாவாடையும் காதுமூடியுமாக என் மடியில் உட்கார்ந்திருந்தாள். வாசுதேவநல்லூரிலிருந்து வந்த பெரியம்மா குனிந்து என் காதில் கத்தினார்: "ஏட்டி, பிள்ள தனியா என்ன பாட்டு கேக்கா?"

ஆசாரி வந்து உட்கார்ந்தார். கம்மல் தம்பியின் சட்டைப்பையில் இருந்தது. அவனோ கையெட்டும் தூரத்தில்தான் நின்றான்.

"கம்மலைக் கொண்டா லே" என்றேன்.

தலையாட்டிவிட்டு வேகமாக வீட்டுக்குள் போனான். நேரமாகியும் ஆளைக் காணோம். ஜன்னல் வழியே அவன் பீரோவைத் திறப்பது மட்டும் தெரிந்தது. கடைசியில் வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தான். இரண்டு கைகளிலும் என் மாமனாருடைய தடித்த கம்பளி. வைகாசி வெயில் பந்தல் துணியைத் தாண்டிச் சுட்டுக்கொண்டிருந்தது.

"கம்பளி எதுக்குக்கா? பிள்ளைக்குக் காய்ச்சலா?" என்று கத்தினான்.

ஆசாரிதான் முதலில் சிரித்தார். பிறகு பந்தலே சிரித்தது. தம்பி கம்பளியையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தான். நான் அவன் சட்டைப்பையைத் தொட்டுக் காட்டியதும் அவனுக்கும் விளங்கிவிட்டது. கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக சவுண்ட் செட் அண்ணாச்சியிடம் போனான்.

"அண்ணாச்சி, கொறைங்க. அக்கா பேசுதது எனக்கே கேக்க மாட்டேங்கு."

அவர் சத்தத்தைக் குறைத்து, பெட்டிகளைப் பிள்ளைகள் இல்லாத காலி மனைப் பக்கம் திருப்பியும் வைத்தார். அப்புறம்தான் பந்தலில் ஆட்கள் இருப்பதே தெரிந்தது. யாருக்குப் பெண் பார்க்கிறார்கள், யார் வீட்டில் போர் போட்டுத் தண்ணீர் வந்தது என்று ஒவ்வொரு நாற்காலியிலிருந்தும் பேச்சு கிளம்பியது. மகன் கோலப்பொடியால் பெட்டிகளுக்கு வெகு தள்ளி ஒரு கோடு போட்டான். "இதத் தாண்டுனா அவுட்" என்று சொல்லி மற்ற பிள்ளைகளை இந்தப் பக்கமே ஆட வைத்தான். கோட்டைத் தாண்டப் பார்த்த பெரியவர்களையும் அவன் விடவில்லை.

காதுமூடியைக் கழற்ற மகளிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. தம்பி அவளை மடியில் வைத்துக்கொண்டான். முதல் காதில் ஊசி ஏறியதும் அவள் போட்ட கூச்சல் தெருமுனை வரை போயிருக்கும். இரண்டாவது காதுக்குத் தம்பி கண்ணை இறுக மூடிக்கொண்டான். திறந்தபோது கன்னமெல்லாம் ஈரம்.

மகள் அழுகையை நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் காதை மெதுவாகத் தொட்டாள்.

"மாமா, ஒனக்கும் குத்திட்டாங்களா?"

அவள் மழலையில் கேட்டது பந்தலின் கடைசி வரிசை வரை கேட்டது.