அத்தான் எடுத்த வகிடு

என் அக்காவைத் தெருவில் எல்லோரும் முடிக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பொம்மைகளுக்கு முடி செய்கிறவள். பொம்மையின் தலையை அளவெடுத்து, மெல்லிய துணியில் தொப்பி தைத்து, அலசிச் சாயம் போட்ட ஆட்டு ரோமத்தைப் பிடரியிலிருந்து வரிசை வரிசையாக மேலே தைத்துக்கொண்டு போவாள். கடைசியில் உச்சியில் வகிடு. அங்கேதான் வேலையே இருக்கிறது. தையல் வெளியே தெரிந்தால் பொம்மைக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்ட மாதிரி இருக்கும். அக்கா எடுக்கிற வகிட்டில் ஒன்றும் தெரியாது.

தொப்பி வெட்டித் தருவது நான். ரோமத்தைச் சீவுவதும் அடி வரிசைகளைத் தைப்பதும் அத்தான். முன்பு கித்தான் பை கம்பெனியில் தையல்காரராக இருந்தவர். வாயில்லாப் பூச்சி என்று நானும் நம்பித்தான் தொலைத்தேன். அவர் தைத்ததை அக்கா பாதி நாள் பிரித்துப் போடுவாள், அதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் ஒன்றும் பேசாமல் மறுபடி தைப்பார். மணிக்கட்டு வலிக்கிற நாளில், "இந்த வகிட்டை மட்டும் எடுத்துக் குடுங்களேன்" என்று அக்கா கெஞ்சுவாள். "கண்ணு சரியாத் தெரியலைம்மா" என்பார். பாவம் மனுஷன் என்று அவளே தைலத்தைத் தடவிக்கொண்டு உட்காருவாள்.

செய்த முடியெல்லாம் போனது, பொம்மை செய்து விற்கிற பொம்மைக்காரியிடம். அக்காவோடு படித்தவள், ஒரே தட்டில் சாப்பிட்டவள். போன பொம்மைக் கண்காட்சியில் யாரோ முடி யார் செய்வது என்று கேட்டார்கள். அக்கா பக்கத்திலேயே நிற்கிறாள். அந்த மகராசி கொஞ்சமும் கூசாமல், "எல்லாமே நான்தாங்க" என்றாள். அக்கா முகத்தில் ஈயாடவில்லை. வீட்டுக்கு வந்ததும் பொரிந்து தள்ளினாள்.

"முடி நான் செய்யறேன்னு அவ வாயால சொல்லட்டும். அதுவரைக்கும் ஒரு இழை தரமாட்டேன். அவ பொம்மையெல்லாம் மொட்டையா நிக்கட்டும்."

"நிக்கட்டும், நிக்கட்டும்" என்று அத்தானும் தலையை ஆட்டினார்.

மாதக்கணக்கில் அவள் வரவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், அக்கா ஊசியை அப்படியே நிறுத்தி எட்டிப் பார்ப்பாள். என்னிடம் வீம்பு பேசினாளே தவிர, தோழி வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டாளா என்று உள்ளுக்குள் தவித்தாள். அத்தான் மட்டும் சாயங்காலம் ஆனால் நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிடுவார். உடம்புக்கு நல்லதாம்.

ஒரு மத்தியானம் ஒரு அம்மாள் பொம்மையோடு வந்தார்.

"பொம்மை செய்யறவங்க வீடு பூட்டியிருக்குங்க. முடி வேலைன்னா உங்களைப் பாக்கச் சொல்லி பக்கத்து வீட்டுல சொன்னாங்க. போன வாரந்தான் அவங்ககிட்ட வாங்கினது, என் பொண்ணு இழுத்துப் பிச்சுட்டா, கொஞ்சம் தைச்சுத் தாங்களேன்."

அக்கா வாங்கியதும் வகிட்டைத்தான் பார்த்தாள். "அடியே, இங்க பாரேன், எவ்வளவு சுத்தமா எடுத்திருக்காங்க!" என்று வாய்விட்டுப் பாராட்டினாள். பிறகு பிய்ந்த ஓரத்தை உள்பக்கமாகப் புரட்டினாள். புரட்டியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே நூல் முனைகள் எதுவும் கத்தரியால் வெட்டியதாக இல்லை. எல்லாம் கடிபட்டு நைந்திருந்தன. கையில் கத்தரியைத் திணித்தாலும் நூலைப் பல்லால் கடித்துத் துப்புகிற ஆள் எங்களுக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் மூலையில் ரோமம் சீவிக்கொண்டிருந்தார்.

"இது உங்க பல்லுதானே?" என்றாள் அக்கா.

சீப்பு நின்றது. "சும்மா... சாயங்காலம் கொஞ்ச நேரம்..."

"வகிடு?"

"அதுவும் நான்தான்."

"கண்ணு தெரியலைன்னீங்களே!"

அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உனக்குத் தைச்சா நீ பிரிச்சுடுவே. அவங்க நல்லாயிருக்குன்னு சொன்னாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடப்பாவி அத்தான், இவ மூஞ்சில கரியைப் பூசினவளுக்கா?" என்று எழுந்தேன். அக்கா கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

"பிரிச்சேன், இல்லைங்கலை. அதுக்கு என்கூடச் சண்டை போட்டிருக்கலாமே. நிக்கட்டும் நிக்கட்டும்னு என்கிட்ட தலையாட்டிட்டு அங்க போய் உக்காந்திருக்கீங்க. அவ வருவாளான்னு நான் வாசலையே பாத்துட்டிருந்தேனே. அதைப் பாத்துட்டுத்தானே தினமும் செருப்பை மாட்டிட்டுக் கிளம்புனீங்க?"

வந்த அம்மாள் போவதா நிற்பதா என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஊசியில் நூல் கோத்தாள். பிய்ந்த ஓரத்தைத் தைத்து முடித்தாள். வேறு எந்த வரிசையிலும் கை வைக்கவில்லை. பொம்மையைத் திருப்பிக் கொடுத்தபோது அந்த அம்மாள் ஏதாவது பேச வேண்டுமே என்று, "எல்லாம் தானே செஞ்சதுன்னு பொம்மை வித்தவங்க சொன்னாங்க" என்றார்.

"அவ செய்யலை. முடி என் வீட்டுக்காரர் செஞ்சது" என்றாள் அக்கா, அத்தான் பக்கம் திரும்பாமலே. "இனிமே பிஞ்சா இங்க தூக்கிட்டு வராதீங்க. அவர் அங்கதான் இருப்பார்."